கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் நுண்நெகிழி இழைகளை எண்ணும் முறை

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மண்ணையும் மலக்கழிவையும் கரிமப் பொருளையும் நீக்குவதற்காகக் கட்டப்படுபவை. நுண்நெகிழி எனப்படும், 5 மில்லிமீட்டரைவிடச் சிறிய பிளாஸ்டிக் துணுக்குகள் வடிவமைப்பாளர்களின் கணக்கில் வருவதில்லை. பாலியஸ்டர், நைலான் ஆடைகளைத் துவைக்கும்போது உதிரும் இழைகளும் இவற்றில் அடங்கும். ஆயினும் அவற்றில் பெரும்பகுதி நிலையத்திலேயே தங்கிவிடுகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 6.5 லட்சம் மக்களின் கழிவுநீரைப் பெறும் ஒரு நிலையத்தைப் பற்றி 2016-இல் வெளியான ஆய்வு, உள்ளே வரும் நீரில் லிட்டருக்குச் சராசரியாக 15.7 துணுக்குகளும் வெளியேறும் நீரில் 0.25 துணுக்கும் இருந்ததாகத் தெரிவித்தது. 98 விழுக்காட்டுக்கு மேல் பிடிபட்டும், நீரின் அளவு மிகப் பெரியது என்பதால், நாளொன்றுக்கு 6.5 கோடி துணுக்குகள் ஆற்றுக்குச் சென்றன. பிடிபட்டவையும் அழிந்துவிடவில்லை, கசடோடு கசடாக நிலையத்தின் பின்வாசல் வழியாக லாரியில் வெளியேறுகின்றன. ஆகவே வெளியேறும் நீரை மட்டும் சோதித்துவிட்டு நிலையத்தைப் பாராட்டுவதும் பழிப்பதும் அரைகுறைக் கணக்கே ஆகும். உள்வரும் நீர், வெளியேறும் நீர், கசடு ஆகிய மூன்றையும் எண்ண வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை.

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரக் கல்லூரி மாணவர்களையும், நிலையங்களில் பணிபுரியும் வேதியியலாளர்களையும், நொய்யல் ஆற்றுக்காக உழைக்கும் குழுக்களையும் மனத்தில் வைத்து இது எழுதப்பட்டுள்ளது. ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகமும் நல்ல நுண்ணோக்கி ஒன்றும் இருந்தால் போதும். தேவைப்படும் பொருள்களில் சில மற்ற ஊர்களைவிடப் பனியன் ஊர்களில் எளிதாகக் கிடைக்கும். சில தொல்லைகளும் இங்குதான் அதிகம்.

நிலையத்தையும் நாளையும் தேர்தல்

நம் பகுதியில் இரண்டு வகை நிலையங்கள் உள்ளன. சாயப்பட்டறைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஒருவகை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதற்குப் பிறகு, கழிவுநீரைச் சொட்டும் வெளியேற்றாத முறைக்கு மாறினால்தான் இயங்க முடியும் என்ற நிலை வந்தது. அங்கே நீர் ஆர்.ஓ. சவ்வுகளைக் கடந்து பட்டறைக்கே திரும்புகிறது. எந்த இழையும் நுழைய முடியாத அளவுக்கு அச்சவ்வுகளின் துளைகள் நுண்ணியவை என்பதால், அந்த நீரில் இழைகளைத் தேடுவது வீண்வேலை. அங்கே எண்ணத்தக்கது கசடு மட்டுமே. வீடுகளின் கழிவுநீரைப் பெறும் மாநகராட்சி நிலையங்கள் மற்றொரு வகை. கோவை உக்கடத்தில் இருப்பது போன்ற இந்நிலையங்களின் நீர் குளத்துக்கோ வாய்க்காலுக்கோ ஆற்றுக்கோ செல்வதால், மூன்று இடங்களிலும் எண்ணுவதற்கு இவையே ஏற்றவை. முதல்முறை செய்பவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு அல்லது தொழிலாளர் விடுதி ஒன்றின் சிறிய நிலையத்தில் தொடங்கலாம். அனுமதி விரைவில் கிடைக்கும். நீரோட்டத்தின் அளவும் தெளிவாகத் தெரியும்.

மாநகராட்சி நிலையமானால் பொறியாளர் அலுவலகத்தில் எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும். முடிவுகளை வெளியிடுமுன் நிலையத்தாரிடம் காட்டுவோம் என்று கடிதத்திலேயே உறுதியளிப்பது முறையானது. பின்னர் நாம் கேட்கவிருக்கும் பதிவேடுகளைப் பெறுவதற்கும் அது உதவும்.

நாளைத் தேர்வதில் கவனம் வேண்டும். பனியன் கம்பெனிகளில் வேலை செய்வோருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் துணி துவைக்கும் நாள். குழாய்த் தண்ணீர் சில நாள்களுக்கு ஒருமுறை வரும் தெருக்களில் தண்ணீர் வரும் நாளே துவைக்கும் நாளாகிவிடுகிறது. எனவே ஒரு ஞாயிறும் வாரத்தின் நடுவில் ஒரு நாளுமாக இரண்டு நாள்களாவது மாதிரி எடுக்க வேண்டும். மழை நாள்களில், தெருவில் கிடக்கும் டயர்த் துகளும் கிழிந்த பைகளும் சாக்கடை வழியே சேர்ந்து கணக்கைக் குழப்பும் என்பதால் அந்நாள்களைத் தவிர்க்கலாம். காலையில் உள்ளே வந்த நீர் அன்றே, அப்போதே வெளியே வந்துவிடுவதில்லை. நிலையத்தில் நீர் தங்கும் நேரத்தை இயக்குபவரிடம் கேட்டறிந்து, வெளியேறும் நீரின் மாதிரியை அத்தனை மணி நேரம் தாழ்த்தி எடுக்க வேண்டும்.

மாதிரி எடுத்தல்

உள்வரும் நீரைப் பெரிய குப்பைகளைத் தடுக்கும் கம்பிச் சல்லடைக்குப் பின்னால் எடுக்க வேண்டும். அதில் துணுக்குகள் மிகுதி என்பதால் 24 மணி நேரத்தில் சிறிது சிறிதாகச் சேர்த்த 5 லிட்டர் போதும். வெளியேறும் நீரில் துணுக்குகள் அரிதாகவே இருப்பதால், ஒரு பாட்டில் நீரைக் கொண்டுவந்து எண்ணினால் ஒன்றும் கிடைக்காது. கிடைத்தாலும் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மணிக்கு 5 லிட்டர் வீதம் 24 மணி நேரம் எடுத்து, 120 லிட்டரையும் அங்கேயே வடிகட்டி, வடிகட்டியில் தங்கியதை மட்டும் ஆய்வகத்துக்குக் கொண்டுவருவது நல்லது. கசடைப் பொறுத்தவரை, நீர் பிழியப்பட்ட கசடுக் கட்டியின் வெவ்வேறு இடங்களிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, கலந்து, அரைக் கிலோ வைத்துக்கொள்ளலாம். வாளி, கரண்டி, புனல் எல்லாம் எவர்சில்வராக இருக்கட்டும். கண்ணாடிப் பாட்டில்களின் வாயை அலுமினியத் தாளால் மூட வேண்டும்.

வடிகட்டுவதற்கு, திருப்பூரில் தெருவுக்குத் தெரு கிடைக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் வலையைப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். அது பாலியஸ்டர் இழையால் நெய்தது. எதை எண்ணப் போகிறோமோ அதையே மாதிரியில் சேர்த்துவிடும். துருப்பிடிக்காத எஃகு வலையே வேண்டும். 500 மெஷ் எனப்படும் வலையின் கண் ஏறத்தாழ 25 மைக்ரான் அகலமுள்ளது. அதற்கு மேலே 300 மைக்ரான் வலையொன்றை வைத்தால் அடி வலை விரைவில் அடைபடாது. ஆடை இழைகளின் குறுக்களவு பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரான்தான் என்பதால், நெடுக்காகத் திரும்பும் இழை இந்த வலையிலும் நழுவிவிடும். எனவே நாம் பெறும் எண்ணிக்கை கீழ்வரம்பு மட்டுமே. அறிக்கையில் வலையின் அளவைக் குறிப்பிடாத எண்ணுக்கு மதிப்பில்லை.

கழிவுநீர் நோய்க்கிருமிகள் நிறைந்தது. கையுறை, கண்காப்பு, காலணி இன்றி வேலை செய்யக் கூடாது. நச்சு வாயு தேங்கியிருக்கக்கூடிய மூடிய தொட்டிக்குள் எக்காரணம் கொண்டும் எவரும் இறங்கக் கூடாது.

காற்றில் பறக்கும் பஞ்சு

நிட்டிங் மெஷின்களும் கட்டிங் மேசைகளும் நிறைந்த ஊரில் காற்றே இழை சுமந்தது. ஆய்வகத்துச் சன்னலைத் திறந்து வைத்து, மின்விசிறியைச் சுழலவிட்டு வேலை செய்தால், நாம் எண்ணுவது கழிவுநீரின் இழைகளை அல்ல, பக்கத்துக் கம்பெனியின் தூசியை. இந்த ஆய்வில் பலரும் சறுக்குவது இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேலை செய்யும் அனைவரும் அடர் ஆரஞ்சு போன்ற ஒரே நிறத்தில் பருத்தி மேலங்கி அணிய வேண்டும். அந்த நிற இழை மாதிரியில் தென்பட்டால் அது நம்முடையது என்று உடனே தெரிந்துவிடும். சன்னலையும் மின்விசிறியையும் மூடி நிறுத்தி, மேசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். பயன்படுத்தும் நீர், பெராக்சைடு, உப்புக் கரைசல் அனைத்தையும் முன்கூட்டியே நுண்வடிதாளில் வடிகட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தொகுதி மாதிரியுடனும், கழிவுநீருக்குப் பதிலாக வடிகட்டிய தூய நீரை வைத்து எல்லாப் படிகளையும் அப்படியே செய்யும் வெற்றுமாதிரி ஒன்று இருந்தாக வேண்டும். வேலை நடக்கும் இடத்தருகே ஈரமான வடிதாளொன்றைத் திறந்த தட்டில் வைத்திருந்தால், காற்றிலிருந்து விழுவது எவ்வளவு என்பதும் தெரியும். வெற்றுமாதிரியின் எண்ணிக்கை உண்மை மாதிரியில் பாதியை எட்டிவிட்டால், அந்தத் தொகுதியைக் கைவிட்டு ஆய்வகத்தைச் சரிசெய்வதே நேர்மை என்பது என் கருத்து.

மீட்புச் சோதனையும் அவசியம். பளிச்சென்ற பச்சை நிறப் பாலியஸ்டர் ஓவர்லாக் நூலைப் பிரித்து, ஒற்றை இழைகளாக்கி, ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளத்தில் நறுக்கி, உருப்பெருக்கியின் கீழ் 50 துண்டுகளை எண்ணி, தூய நீரில் போட்டு, எல்லாப் படிகளையும் கடந்தபின் எத்தனை திரும்பக் கிடைக்கின்றன என்று பார்க்க வேண்டும். 40 கிடைத்தால் மீட்பு 80 விழுக்காடு. முதல் முயற்சியில் இது தாழ்வாகவே இருக்கும். புனலின் உட்சுவரில் ஒட்டிய இழைகளை நன்றாகக் கழுவி இறக்கும் பழக்கம் வந்ததும் உயரும்.

கரிமப் பொருளை நீக்குதல்

வலையில் தங்கியதைக் கண்ணாடிக் குடுவையில் கழுவி எடுத்து, 30 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடை அது மூழ்கும் அளவு சேர்க்க வேண்டும். சலவைப் பட்டறைகளில் கிடைப்பது பெரும்பாலும் 50 விழுக்காட்டுப் பெராக்சைடு. எடையில் 3 பங்கு பெராக்சைடை 2 பங்கு நீரில் மெல்லச் சேர்த்தால் 30 விழுக்காடு கிடைக்கும். இரும்புச் சல்பேட் சேர்த்தால் வினை விரைவுபடும், ஆனால் கசடு மாதிரி சில நொடிகளில் கொதித்துப் பொங்கிக் குடுவையைவிட்டு வழிந்துவிடக்கூடும். அவசரமில்லாதவர்கள் இரும்பு சேர்க்காமல் 40 முதல் 50 டிகிரி வெப்பத்தில், மூடியைத் தளர்வாக வைத்து, இரண்டு மூன்று நாள் விட்டுவைப்பதே பாதுகாப்பானது. வெப்பம் 60 டிகிரியைத் தாண்டினால் நைலான் போன்றவை கெடத் தொடங்கும்.

பெராக்சைடு சாக்கடைச் சேற்றைக் கரைக்கும், பருத்தியைக் கரைக்காது. பருத்தி இழைகள் மலிந்த நம் கழிவுநீரில் இது பெரிய இடைஞ்சல். துணியின் மேல் நீட்டிநிற்கும் பஞ்சை நீக்கும் பயோ வாஷ் செய்யும் பட்டறைகளில் பயன்படும் செல்லுலேஸ் என்சைம் இங்கே உதவும், பி.எச். 5 அளவில், 50 டிகிரி வெப்பத்தில், ஓரிரு நாள் வைத்தால் பஞ்சு இழைகள் மெலிந்து நொறுங்கும். முழுவதும் மறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெராக்சைடு மிச்சம் என்சைமைச் செயலிழக்கச் செய்யும் என்பதால்தான் பட்டறைகளில் பெராக்சைடு கில்லர் போட்ட பிறகே என்சைம் போடுகிறார்கள். நாமும் என்சைமை முதலிலும் பெராக்சைடை அடுத்தும் வைத்துக்கொள்ளலாம்.

பாலியஸ்டர் மூழ்கும்

பிளாஸ்டிக்கை மண்ணிலிருந்து பிரிக்க, மாதிரியை அடர்ந்த உப்புக் கரைசலில் கலக்கி, மிதப்பதை எடுப்பது வழக்கம். பல வழிகாட்டிகள் சமையல் உப்பையே பரிந்துரைக்கின்றன. உப்பு மலிவானது, தீங்கற்றது. ஆனால் அதன் நிறைகரைசலின் அடர்த்தி 1.2 மட்டுமே. பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் ஆகியவை 1-க்கும் கீழே, நைலான் 1.15-ஐ ஒட்டியது, இவையெல்லாம் உப்புநீரில் மிதக்கும். பாலியஸ்டரின் அடர்த்தியோ 1.38. உப்புநீரை நம்பி எண்ணினால் பாலியஸ்டர் முழுவதும் மணலோடு அடியில் கிடக்க, நம் ஊரில் ஆடை இழை அதிகமில்லை என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். பின்னலாடைப் பகுதியில் செய்யும் ஆய்வுக்கு இதைவிடப் பெரிய பிழை இருக்க முடியாது.

ஆகவே 1.6 அடர்த்திக்குக் கரைத்த துத்தநாகக் குளோரைடு வேண்டும். சரியாக 100 மில்லி லிட்டர் கரைசல் 160 கிராம் நிறுத்தால் அடர்த்தி சரி. மேலும் உறுதிப்படுத்த, ஈரப்படுத்திக் காற்று நீக்கிய ஓவர்லாக் இழைகளை அதில் போட்டுக் கலக்கிவிட்டு, அவை மேலே எழுகின்றனவா என்று பார்க்கலாம். உலர்ந்த இழையைப் போட்டுப் பார்ப்பது சோதனையாகாது. அது காற்றைப் பிடித்துக்கொண்டு வெறும் நீரிலும் மிதக்கும். துத்தநாகக் குளோரைடு தோலை அரிப்பது, நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. அதைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல் வடிகட்டி, அடர்த்தியைச் சரிசெய்து, மீண்டும் மீண்டும் பயன்படுத்த வேண்டும். அதன் விலையும் அதைத்தான் சொல்கிறது.

பிரிபுனலில் ஓரிரவு விட்டுவைத்து, அடியில் படிந்ததை இறக்கிவிட்டு, மேல்பகுதியைக் கட்டம் அச்சிட்ட வடிதாளில் வடிகட்டி, தூய நீரால் கழுவி, மூடிய கண்ணாடித் தட்டில் உலர்த்த வேண்டும்.

நுண்ணோக்கியின் கீழ்

கட்டம் கட்டமாக நகர்ந்து 40 மடங்கு உருப்பெருக்கத்தில் எண்ண வேண்டும். ஐயமுள்ள இழைகளை 100 முதல் 400 மடங்கில் பார்க்க வேண்டும். பருத்தி இழை தட்டையானது. இடைக்கிடை முறுக்கேறிய நாடாவைப் போல, ஒருமுறை அகன்றும் ஒருமுறை குறுகியும் தெரியும். மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் இழையில் நெடுக்குவாட்டுக் கோடுகள் ஓடும். பாலியஸ்டர் முனைக்கு முனை ஒரே தடிமனுள்ள வழவழப்பான உருளை. பளபளப்பைக் குறைப்பதற்காகச் சேர்த்த டைட்டானியம் டை ஆக்சைடு அதன் உள்ளே கரும்புள்ளிகளாகத் தென்படுவதுண்டு. நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. அடர் நீல இழையெல்லாம் பிளாஸ்டிக் என்று எண்ணுபவர்கள் ஜீன்ஸின் பருத்தியைத்தான் எண்ணிக்கொண்டிருப்பார்கள். பிளாஸ்டிக்கில் ஏறி ஒளிரும் நைல் ரெட் என்ற சாயத்தை ஏற்றி, ஒளிர்வதை எண்ணும் முறை துணுக்குகளுக்கு ஏற்றது, ஏற்கெனவே சாயமேறிய இழைகளில் ஏமாற்றும்.

துணி வாங்குவோர் நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்பது நம் ஊர்க் கடைவீதியில் எல்லோரும் அறிந்ததே. பருத்தி காகித வாடையுடன் எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும். ஒற்றை இழைக்கு அதே சோதனையைச் சூடேற்றிய ஊசியால் செய்யலாம். இழையைக் கண்ணாடிச் சில்லுக்கு மாற்றி, ஊசிமுனையை அருகே கொண்டுசென்றால், பிளாஸ்டிக் சுருண்டு உருகும். பஞ்சு அசையாமலிருந்து கருகும். வடிதாளின் மேலேயே இதைச் செய்ய வேண்டாம். செல்லுலோஸ் நைட்ரேட் வடிதாள் சட்டென்று தீப்பற்றும்.

துணி ஆய்வகங்களில் பருத்தி, பாலியஸ்டர் கலப்பு விகிதத்தைக் கண்டறிய 75 விழுக்காட்டுக் கந்தக அமிலத்தைப் பயன்படுத்துவார்கள். பருத்தியும் விஸ்கோஸும் கரைந்துவிட, பாலியஸ்டர் எஞ்சும். மாதிரியின் ஒரு பங்கை இதற்கு உட்படுத்தினால் நம் எண்ணிக்கையைச் சரிபார்க்கலாம். நைலானும் அதில் கரைந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. பயிற்சி பெற்ற வேதியியலாளர் இல்லாமல் இதைத் தொடவும் கூடாது. பத்து இழைகளுக்கு ஒன்று வீதம், இழை எந்தப் பொருளால் ஆனது என்று காட்டும் அகச்சிவப்பு நிறமாலைச் சோதனைக்கு அனுப்பினால் கண்ணால் செய்த தீர்ப்பு எந்த அளவுக்குச் சரி என்பது தெரியும். பல்கலைக்கழகங்களிலும் பெரிய பொறியியல் கல்லூரிகளிலும் கட்டணம் செலுத்தி இதைச் செய்துகொள்ளலாம்.

கணக்கு

கற்பனையான எடுத்துக்காட்டு ஒன்றைக் கொள்வோம். வெளியேறும் நீர் 120 லிட்டரில் 44 துணுக்குகள் கிடைத்தன, வெற்றுமாதிரியில் 8. கழித்தால் 36, லிட்டருக்கு 0.3. நிலையம் நாளொன்றுக்கு 2 கோடி லிட்டரை, அதாவது 20 எம்.எல்.டி. அளவைச் சுத்திகரித்தால், 60 லட்சம் துணுக்குகள் நீரோடு செல்கின்றன. உலர்த்திய கசடு 5 கிராமில் வெற்றுமாதிரி போக 75 கிடைத்தால், கிராமுக்கு 15. நாளொன்றுக்கு உலர் எடையில் 4 டன் கசடு வெளியேறினால், 6 கோடி. இரண்டையும் கூட்டி 2 கோடி லிட்டரால் வகுத்தால், உள்வரும் நீரில் லிட்டருக்கு 3.3 இருந்திருக்க வேண்டும். நேரடியாக எண்ணிய உள்வரும் நீரின் அளவு இதை ஒட்டி வந்தால் வேலை சரி. அது 10 என்று வந்தால், ஏதோ ஓரிடத்தில் இழைகள் கணக்கிலிருந்து நழுவுகின்றன: மணல் தொட்டியில் படிவதும், மேலே மிதக்கும் கொழுப்பு நுரையோடு வழித்தெடுத்துக் கொட்டப்படுவதும், கசடு மாதிரியைக் குறைவாகக் கரைத்ததும் முதலில் பார்க்க வேண்டியவை. கசடு பல நாள்களின் சேமிப்பு என்பதால் ஒருநாள் கணக்கில் சிறிது வேறுபாடு இயல்பே. மீட்பு விழுக்காட்டைக் கொண்டு எண்களை உயர்த்திக் காட்டாமல், இரண்டையும் தனித்தனியே எழுதுவது நல்லது.

நிலையத்தாரிடம் கேட்க வேண்டியவை

பின்லாந்தில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், இறுதிக்கட்டமாக விரைவு மணல் வடிகட்டி வைத்த நிலையத்தில் அக்கட்டத்துக்கு வந்த துணுக்குகளில் 97 விழுக்காடும், நுண்ணுயிர்களால் சுத்திகரிக்கும் நீரை நுண்துளைச் சவ்வால் வடிக்கும் சவ்வு உயிரிக்கலன் வைத்த இடத்தில் 99.9 விழுக்காடும் நீங்கின. குளோரின் சேர்ப்பதால் கிருமி சாகும், இழை குறையாது. மணல் வடிகட்டி இருந்தால் அதைப் பின்னோக்கிக் கழுவும் நீர் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். அது பெரும்பாலும் நிலையத்தின் தொடக்கக் கட்டத்துக்கே திரும்புவதால், பிடிபட்ட இழைகள் மீண்டும் சுற்றிவந்து, கடைசியில் கசடில்தான் சேரும்.

வீடுகளில் செய்யக்கூடியவை சில உண்டு: புதிய பாலியஸ்டர் ஆடை முதல் சில துவைப்புகளில்தான் அதிக இழையை உதிர்ப்பதால் அந்த நீரை மெல்லிய துணியில் வடித்து ஊற்றுவது, இயந்திரத்தை முழு அளவு துணியுடன் குளிர்ந்த நீரில் ஓட்டுவது, வடிநீர்க் குழாயில் வடிகட்டி பொருத்துவது ஆகியவை.

நிலையத்தில் கடைசியாகக் கேட்டுப் பெற வேண்டியது கசடு ஏற்றிய வண்டிகளின் பதிவேடு. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறிக் கீழ்ப்பகுதி நிலங்களைக் கெடுத்ததை இந்தப் பகுதி உழவர்கள் அறிவார்கள். மாநகராட்சிக் கசடு சாயக்கசடு அல்ல, அதில் பயிருக்குத் தேவையான சத்தும் உண்டு. ஆனால் எண்ணிப் பார்க்காமல் உரமென்று தோட்டத்தில் கொட்டினால், ஆற்றுக்குப் போகாமல் தடுத்த இழைகளை மண்ணில் சேர்த்ததாகிவிடும். பதிவேட்டில் ஒவ்வொரு வண்டியும் புறப்பட்ட நாள், எடை, ஈரப்பதம், சேர்ந்த இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, உலர் எடையாக மாற்றி, கிராமுக்கு நாம் கண்ட எண்ணிக்கையால் பெருக்கி, உரக்கிடங்கு, தோட்டம், குப்பைமேடு, சிமெண்ட் ஆலை உலை என இடவாரியாக அறிக்கையில் பட்டியலிட வேண்டும்.